நம் பெருமை செல்லாக் காசாகலாமா?

தமிழகத்தின் எல்லையைக் கடந்து வந்து வாழும் நமக்கு மேடை என்பது ஒரு தேவை. அலுவலகத்தில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பிள்ளைகளின் பள்ளியில் மற்றொரு மொழி என ஆண்டு முழுதும் பேசிக் களைத்த நா, பொங்கல் விழாவிலும் சங்கத்தின் ஆண்டு விழாவிலுமே தாய்மொழியில் சற்று இளைப்பாறுகிறது. அம்மேடைகளில் தமிழின் சிறப்புப் பேசப்படுவதை நாம் விரும்பிக் கேட்கிறோம், கைதட்டி மகிழ்கிறோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், அம்மேடைகளில் நெடுங்காலமாகச் செலாவணியாகி வரும் நாணயம் ஒன்றை இன்று உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'ஆங்கிலேயன் பணத்திற்கு வழங்கும் கேஷ் என்னும் சொல் நம்முடைய காசுதான். பணத்திற்குப் பெயர் வைக்கவும் உலகம் தமிழனிடம் கையேந்தியது' என்பதே அந்த நாணயம்.

தில்லிக் கரோல்பாகிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தாவின் ஏரிக்கரைச் சந்தைப் பகுதியிலும் இதனைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. இக்கூற்றில் பாதி பொய், பாதி மெய். பொய்ப்பாதி மேடையேறி மாலை வாங்கிக்கொள்கிறது. மெய்ப்பாதியோ எடுத்துரைப்பார் எவருமின்றி மூலையில் கிடக்கிறது. அந்த மெய்ப்பாதிதான் இரண்டனுள் பெருமை மிக்கது என்பதை எண்ணும்போது நம் வருத்தம் இரட்டிப்பாகிறது. வீட்டிலே பொன் இருக்க, பித்தளையை முலாம் பூசிக் காட்டுவார் உண்டோ?

கேஷ் பிறந்த வீடு

ஆங்கிலத்தில் கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷ் என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மொழியில் காணப்படுகிறது. தொடக்கத்தில் அது பணம் வைக்கும் பெட்டியையும், அப்பெட்டியில் உள்ள பணத்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர், 18ஆம் நூற்றாண்டளவில், பெட்டி என்னும் பொருள் வழக்கிறந்து பணம் என்னும் பொருளே நிலைத்தது. பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய கேஸ், இத்தாலியச் சொல்லாகிய காஸ்ஸா ஆகியவற்றின் வழியே வந்தது அச்சொல். அவற்றிற்கெல்லாம் தாய், இலத்தீன் மொழியில் பெட்டியைக் குறிக்கும் காப்ஸா என்பது. இன்றும் பிரான்சு நாட்டுக் கடைகளில் பணம் செலுத்தும் இடத்திற்குக் கேஸ் என்றே பெயர்; இத்தாலியில் காஸ்ஸா என்றே பெயர்.

இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ள பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கணம் இடவாகுபெயர் எனக் கூறும். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் உள்ளார் சிரித்தனர் என்று பொருள்கொள்ளும் நமக்கு, பெட்டி என்னும் சொல் பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆனதை விளக்க வேண்டுவதில்லை. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் கடைக்காரர்கள் பணப்பெட்டியைக் கல்லா என்பர். மாலையில் கடை சாத்தும்போது 'இன்று கல்லா எவ்வளவு?' என்று கேட்டால், கேட்டது பெட்டியின் அளவையா, அன்றிப் பெட்டிக்குள் விழுந்த தொகையையா? வடபுலத்துச் சந்தைகளில் வாழும் நாம் இதே சொல் இந்தியில் கல்லா என வழங்குவதை நாள்தோறும் கேட்கிறோம். கல்லா நமக்குச் செய்ததைத்தான் கேஷ் ஆங்கிலேயர்க்குச் செய்தது.

அச்சொல்லின் உடன்பிறப்புகளையும் பார்ப்போம். கண்ணாடியையும் கத்தரிக்கோலையும் வைக்கும் உறையைக் கேஸ் என்கிறோமே, அது ஒன்று. மருத்துவர் தரும் கேப்ஸ்யூல் என்னும் மருந்துச் சிமிழ் ஒன்று. ஊரிலிருந்து வரும்போது பாட்டுகளைப் பதிந்துகொண்டு வந்தோமே, அந்தக் கேசட்டு ஒன்று. இவை யாவும் காப்ஸாவின் வயிற்றில் பிறந்த பெட்டிப் பிள்ளைகள். இத்துணைப் பெரிய குடும்பத்தோடு வாழும் ஒரு பிள்ளையைத் தனியே பிரித்து 'இது எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று நாம் உரிமை கோருவது வழக்காடு மன்றத்தில் நிற்குமா?

கேஷியர் என்னும் சொல்லைக் காட்டி, 'காசாளர் என்பதன் திரிபு இது' என்று வாதிடுவாரும் உளர். காசாளர், காசோலை என்பன நம் காலத்தில் ஆக்கப்பெற்ற நல்ல தமிழ்ச் சொற்கள். அவற்றை நாம் போற்றுகிறோம். ஆனால் கேஷியர் என்பது பெட்டியைக் காப்பவன் என்னும் பொருளுடைய ஐரோப்பியச் சொல். பேரன் பிறந்த பிறகு அவன் முகச்சாயலைக் காட்டி, அயல் வீட்டுக்காரரைப் பாட்டனார் என்று கூறுவது போன்றது இவ்வாதம். அதே எழுத்துகளைக் கொண்ட மற்றோர் ஆங்கில வினைச்சொல், படைத்தலைவன் ஒருவனை மானமிழக்கச் செய்து பதவி நீக்குவதைக் குறிக்கும். அது முற்றிலும் வேறொரு வேரில் கிளைத்தது. ஒலி ஒத்தலே உறவுக்குப் போதுமெனில், பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே வந்த கேஷ்யூ என்னும் முந்திரியும் காசுக்கு உறவாக வேண்டும். காசி நகரும் காசநோயும்கூடப் பங்கு கேட்டு வாயிலில் வந்து நிற்கும்!

யாரும் பேசாத மெய்ப்பாதி

இனி மெய்யான பாதிக்கு வருவோம். ஆங்கில அகரமுதலிகளைத் திறந்தால் கேஷ் என்னும் சொல் ஒரு முறையன்று, இரு முறை தனித்தனியே இடம்பெற்றிருப்பதைக் காணலாம். முதலாவது நாம் மேலே கண்ட பெட்டி. இரண்டாவது, இந்தியாவிலும் சீனத்திலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் வழங்கிய சிறு மதிப்புடைய நாணயத்தின் பெயர். இந்த இரண்டாவது கேஷ்தான் நம் காசு.

1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியர் தென்னாட்டுத் துறைமுகங்களில் காசு என்னும் சொல்லைக் கேட்டனர். அதனைத் தம் நாவுக்கு ஏற்பக் கைஷா என்று வழங்கினர். அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி! அதுவும் இலத்தீன் காப்ஸாவின் வழி வந்ததே. ஆக, தமிழ்க் காசும் இலத்தீன் பெட்டியும் போர்ச்சுகீசிய மாலுமியின் வாயில் ஒரே ஒலியாக உருவெடுத்தன. அவர்கள்பால் இதனைக் கேட்ட ஆங்கிலேயர், தம்மிடம் முன்னரே இருந்த கேஷ் என்னும் சொல்லின் வடிவிலேயே இதனையும் எழுதினர். இரண்டு ஆறுகள் ஒரே பாலத்தின் அடியில் ஓடுவதால் இரண்டிற்கும் ஊற்று ஒன்றெனச் சொல்ல இயலாதன்றோ? மயக்கம் எழுந்த இடம் இதுவே. இந்திய ஆங்கில வழக்குச் சொற்களுக்கு யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்னும் அகராதி, இச்சிறு நாணயத்தின் பெயர் தமிழ்க் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வழி வந்ததாகலாம் என எழுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. காசு என்பதற்கே வடமொழிக் கர்ஷம் என்னும் எடைப்பெயரை மூலமாகக் காட்டுவார் உளர், மறுப்பாரும் உளர். அது வேறு வழக்கு. அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை.

போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். 1557இல் மக்காவில் குடியேறினர். அவர்களோடு நம் சொல்லும் பயணம் செய்தது. நடுவே சதுரத் துளையிட்ட சீனத்துச் செம்புக் காசுகளை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். கயிற்றில் கோத்து, ஆயிரம் கொண்டது ஒரு சரம் எனக் கணக்கிடுவர். சீனர் தம் மொழியில் அதற்கு வேறு பெயர்களை வழங்கினர். ஆனால் ஆங்கிலம் அறிந்த உலகம் இன்றுவரை அதனைக் கேஷ் என்றே அழைக்கிறது. நாணயம் சேகரிப்போர் அனைவரும் அவ்வாறே எழுதுகின்றனர். சீனப் பேரரசின் நாணயத்திற்கு உலக அரங்கில் நின்று நிலைத்த பெயர் தமிழ்ப்பெயர் என்பதை எண்ணிப் பாருங்கள். 1088இல் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் சுமத்திராவின் பாரூசில் தமிழ்க் கல்வெட்டு நிறுத்தியதும், 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழும் சீனமும் பொறித்த கல் நாட்டப்பெற்றதும், தமிழர் அக்கடல்வழியை எத்துணை முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. இத்துணைப் பெரிய வரலாற்றைக் கைவிட்டு, இலண்டன் கடைக்காரனின் பெட்டியை நமதென்று பற்றிக்கொண்டு நிற்பதை அறிவுடைமை என்பதா?

சென்னையின் கதையும் இதில் உண்டு. 1818இல் வெள்ளி ரூபாய் நிலைபெறும்வரை கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் வைத்த கணக்கு இது: 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணத்தில் 80இல் ஒரு பங்கு என்பது நம் கீழ்வாய் இலக்கத்தில் காணி எனப்படும் என்பதையும் பழங்கணக்கு அறிந்தோர் நினைவுகூர்வர். இக்காசுகளுள் பெருந்தொகையானவை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோகோ ஆலையில் அச்சிடப்பெற்றன. 1808 என ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையருகே குட்வின் மணற்றிட்டில் சிக்கி மூழ்கிற்று. 1980களில் முக்குளிப்போர் அக்காசுகளைக் கடலடியிலிருந்து அள்ளி எடுத்தனர். அவற்றின் ஒரு புறத்தில் உரோம எழுத்தில் கேஷ் என்னும் சொல் இருக்கிறது. இது நம் சொல்லேதான். உரிமை கோரவேண்டுமாயின் இதற்குக் கோருவோம்.

திருவிதாங்கூர் நாட்டில் அண்மைக்காலம்வரை இச்சொல் நாணயத்தின் மீதே வாழ்ந்தது. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பங்களில், பாட்டனார் காலத்துப் பெட்டியைத் தேடினால் இன்றும் அச்சிறு செம்புக் காசு ஒன்றிரண்டு அகப்படக்கூடும். அதைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் கதை சொல்லலாம். எந்த மேடைப் பேச்சும் அதற்கு ஈடாகாது.

சொல் பிறந்த மண்ணில்

காசு என்னும் சொல்லின் சிறப்பை அறிய ஆங்கிலேயனின் சான்றிதழ் எதற்கு? இதுவே நம் முதன்மையான வினா. சங்க நூல்களில் காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன்மணி. கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்திற்கு, புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்திடையே பிடித்த பொற்காசை உவமை காட்டுகிறது குறுந்தொகையின் 67ஆம் பாட்டு. நாணயம் என்னும் பொருள் பின்னர் வளர்ந்தது. அணியாக இருந்தது நாணயமாயிற்று. அந்நாணயமே மீண்டும் காசுமாலையாகிப் பெண்டிர் கழுத்தை அணிசெய்தது.

முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் சுவர்களில் காசு என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கோயிலுக்கு அளித்த முதலை ஊர்ச்சபைகள் பெற்றுக்கொண்டு, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்தி வந்த செய்தி அங்குக் கல்லில் உள்ளது. இன்றைய கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வங்கியில் பணிபுரியும் நம்முள் எத்துணைப் பேர் வட்டிக்குப் பொலிசை என்றொரு பெயர் இருந்ததை அறிவோம்? யாப்பிலக்கணம் பயின்றோர் அறிவர்: வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். திருக்குறள் 1,330க்கும் இதுவே விதி. நம் செய்யுளின் இறுதி அடியிலேயே காசு ஒலித்துக்கொண்டிருக்கிறது!

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறு நம் வழக்கிற்கு நேரான சான்று. பஞ்சம் வந்துற்ற காலத்தில் அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டு இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக அளித்தான். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி இருந்தது. அஃதாவது, வணிகர் வட்டம் பிடித்துக்கொண்டே அதனை மாற்றினர். அப்பர் பெற்ற காசுக்கோ வாசியில்லை. அவர் கைத்தொண்டு செய்து பெற்றார் என்பது காரணம். சம்பந்தர் அதனை மறைத்தாரா? இறைவன் தந்த காசாயிற்றே, குறை சொல்லலாமா என அஞ்சினாரா? இல்லை, வாசி தீர்த்துத் தருமாறு பாடியே கேட்டார். இறைவன் கொடுத்த காசையும் உரைத்துப் பார்த்த மரபு நம் மரபு. மேடைப் பேச்சாளர் கொடுத்த காசை உரைக்காமல் வாங்கி மடியில் முடிந்துகொள்வது எந்த மரபு? கைத்தொண்டு செய்து பெற்ற காசுக்கு வாசியில்லை என்பதையும் மறவற்க. உழைத்துத் தேடிய பெருமையை வட்டம் பிடிக்க எவராலும் இயலாது.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

நம் கருத்தை ஏற்காதார் கூறுவன மூன்று. முதலாவது: 'அகரமுதலிகளை எழுதியோர் வெள்ளையர், தமிழின் பெருமையை மறைப்பதே அவர்தம் நோக்கம்.' அங்ஙனமாயின், கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தம் ஆகிய சொற்கள் தமிழிலிருந்து ஆங்கிலம் புக்கவை என எழுதியவர்கள் யார்? அதே அகரமுதலிகள்தாம். காசிலிருந்து வந்த இரண்டாவது கேஷைத் தனித் தலைச்சொல்லாக்கி, நம் மொழியைச் சுட்டியதும் அவைதாம். வேண்டும் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, வேண்டாத பக்கத்தைச் சதி என்பது ஆராய்ச்சியாகாது. மேலும், 1856இல் கால்டுவெல் பாதிரியார் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதித் தமிழின் தனித்தன்மையை உலகுக்கு உணர்த்தியபோது கைக்கொண்ட ஒப்பாய்வு முறையும், இன்று இக்கேஷைப் பெட்டியெனக் காட்டும் முறையும் ஒன்றே. முன்னதை ஏற்றோம்; பின்னதை எம்முகத்தோடு தள்ளுவோம்?

இரண்டாவது: 'சிறு பிள்ளைகளுக்குத் தமிழார்வம் ஊட்டவே சொல்கிறோம், இதில் இத்துணை நுணுக்கம் எதற்கு?' பிள்ளைகளை முன்னிட்டே நாமும் பேசுகிறோம். தமிழகத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் தெருவில் கிடைக்கிறது. நம் பிள்ளைக்கோ வீடும் சங்கமும் தவிர வேறு வாயில் இல்லை. சங்கத்தில் கேட்டதை அப்பிள்ளை பள்ளியில் சொல்லும். உடன் பயிலும் பிள்ளை கைப்பேசியில் நொடிப்பொழுதில் அகரமுதலியைத் திறந்து காட்டும். அன்று தலைகுனிவது மேடையில் பேசியவர் அல்லர், நம் பிள்ளை. அதனினும் கொடிது, அதன்பின் நாம் தொல்காப்பியத்தைப் பற்றிச் சொன்னாலும், கல்வெட்டைப் பற்றிச் சொன்னாலும், 'இதுவும் அந்தக் கேஷ் கதைதானே' என்று அப்பிள்ளை உள்ளுக்குள் நகைக்கும். ஒரு செல்லாக் காசு கலந்தால் பை முழுதும் ஐயத்திற்கு இடமாகும். அயல்மண்ணில் வளரும் தலைமுறையின் நம்பிக்கையை நாம் ஒரு முறை இழந்தால், அதனை மீட்டுத்தரக் கடைத்தெருவும் இல்லை, உறவினர் கூட்டமும் இல்லை.

மூன்றாவது: 'கொடுத்த சொல் பல இருக்க, ஒன்றிரண்டு தவறாகச் சொன்னால் என்ன?' கொடுத்த சொற்களைப் பற்றிப் பேசும் நாம் அப்பட்டியலை முழுதாக ஒருநாளேனும் படித்தோமா? தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்களுள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டதும், உலகெங்கும் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படுவதுமாகிய சொல் ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்டவர், விலக்கப்பட்டவர் என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் பரையா என்னும் சொல் அது. பறை முழக்கிய ஒரு மக்கட் பிரிவின் பெயரை நாம் நடத்திய விதத்தைக் கண்டே ஆங்கிலம் அப்பொருளில் அதனைக் கைக்கொண்டது. எந்த ஆண்டு விழாவிலும் இச்சொல்லை எண்ணிக்கையில் சேர்த்து நாம் கைதட்டியதில்லை. உலகுக்குச் சொல் வழங்கியதாக முழங்குவோர், வழங்கியவற்றுள் நம்மை நாணச் செய்வதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். சொல்வரலாறு என்பது வரவு மட்டும் எழுதும் ஏடு அன்று. பற்றும் எழுதவேண்டிய பேரேடு.

சொல்லின் உரிமையை நாட்ட உரைகற்கள் நான்கு உண்டு. காலம் பொருந்துகிறதா? கொண்டுசென்ற வழி தெரிகிறதா? ஒலிமாற்றம் பிற சொற்களிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கிறதா? பொருள் தொடர்ந்து வருகிறதா? கட்டுமரம் இந்நான்கிலும் தேறும். சுருட்டு தேறும். சீன நாணயத்தின் பெயராகிய கேஷ் தேறும். கையிருப்புப் பணமாகிய கேஷோ முதற்படியிலேயே பெட்டி என்னும் பொருளில் தடுக்கி விழும்.

கொடுத்ததை எண்ணுமுன் இருப்பை எண்ணுவோம்

கடன் வாங்குதல் மொழிகளுக்கு இழுக்கன்று. ரொக்கம் என்று நாம் சொல்வதைப் பக்கத்து வீட்டு மராத்தியர் ரோக் என்கிறார். குசராத்தியர் ரோகட் என்கிறார். வசூல், பாக்கி என்பன அரபு நாட்டிலிருந்து வந்தவை. ஏலம், மேசை, சாவி, அலமாரி என்பன போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. நம் காசை எடுத்துச் சென்றவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்று கொள்வோம். இவற்றால் தமிழ் தேயவில்லை. தேய்வு வேறிடத்தில் நிகழ்கிறது.

கேஷ் தமிழ்ச்சொல் என்று மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். வீட்டில் 'கேஷ் இருக்கிறதா, கார்டு கொடுக்கவா' என்கிறோம். காசு என்று சொல்வதற்கு நமக்கே கூச்சம். ரொக்கமும் போயிற்று. வட்டியின்றிச் சில நாளில் திருப்பித் தருவதாக வாங்கும் தொகையைக் கைமாற்று என்னும் ஒரே சொல்லால் உணர்த்தினரே நம் முன்னோர், அதற்கு ஈடான ஒரு சொல்லை நம் பிள்ளைகள் தம் ஆங்கிலத்தில் காட்டட்டும் பார்ப்போம்! நிலுவை, தவணை, முன்பணம், ஒத்தி, அடகு என்பன எங்கே? ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பைச் செட்டிநாட்டு வணிகர் ஐந்தொகை என்றனர்; கணக்காளர் தொழில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியுமா? அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து எண்ணிய இனத்தின் பிள்ளை, இன்று 'முக்கால்' என்பதன் பொருளைப் பாட்டியிடம் கேட்டு அறிகிறது.

2016 முதல் கைப்பேசி வழியே பணம் செலுத்தும் முறை நாடெங்கும் பரவிவிட்டது. காய்கறி வண்டிக்காரரும் பட்டைக் குறியீட்டைத் தொங்கவிட்டிருக்கிறார். காசு என்னும் பொருளே கைகளிலிருந்து மறைந்துவரும் இக்காலத்தில், அச்சொல்லையும் உடன் மறையவிட்டால் எஞ்சுவது மேடைக்கதை மட்டுமே. எவன் நம்மிடம் வாங்கினான் என்று கணக்கெடுக்கும் கடைக்காரர், தம் கடையின் இருப்பு நாள்தோறும் கரைவதைக் காணாதிருந்தால் அவரை என்னென்பது?

ஆகவே நம் சங்கங்களின்முன் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. சொல்லின் பிறப்பைப் பற்றி மேடையில் பேச விரும்புவோர், பேசுமுன் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும், பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும், ஹாப்சன் ஜாப்சனையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். இவை மூன்றும் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புகளில் ஒரு வகுப்பைக் கொடுக்கல் வாங்கல் சொற்களுக்கென ஒதுக்குவோம். பாட்டன் பாட்டியர் பழைய கணக்கேடுகளைக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் பற்று வரவை உரக்கப் படிக்கட்டும். காசுமாலை உள்ள வீட்டார் அதனைக் காட்டி, பூணாக இருந்த சொல் நாணயமானதையும், அது கடல் கடந்து சீனத்துச் செம்பின் பெயரானதையும் சொல்லட்டும். இத்துணையும் உண்மை, எவர் அகரமுதலியைத் திறந்தாலும் நம் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும்.

காசு என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் குற்றம் என்றும் ஒரு பொருள் கூறும். காசற்றது எனில் குற்றமற்றது. இல்லாத உறவைக் கொண்டாடுவதால் நம் காசில் ஏறியிருக்கும் காசைத் துடைத்தெறிவோம். துடைத்தபின் எஞ்சுவது மாற்றுக் குறையாத பொன். அதனை எந்த நாட்டுக் கடைத்தெருவிலும் வாசியின்றி மாற்றலாம்.